ஐந்தரைக் கட்டையில் தொடங்கிய பியானோ: திருகோணமலைச் சிறுமி ஒருத்தியின் முதல் இரண்டு வருடங்கள்

பின்னணி

திருகோணமலை நகரில் கடற்கரையை அண்டி வசிக்கும் ஒரு குடும்பத்தின் இளைய மகள் பியானோ கற்கத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வருட காலத்தில் நிகழ்ந்தவை இங்கே பதிவாகின்றன. பாடம் நடத்தியவள் என்ற முறையில் நான் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு பெற்றோரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். குடும்பத்தை இனங்காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

தந்தை அரச உத்தியோகத்தர். தாய் தாதி உத்தியோகத்தர் என்பதால் அவருடைய வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். பிள்ளைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர் வீட்டிலேயே இருந்த அம்மம்மா. இளவயதில் முறையாக வாய்ப்பாட்டுக் கற்றவரான அவர், மாலையில் விளக்கு வைத்த பின்னர் இலத்திரனியல் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பேரப்பிள்ளைகள் இருவரையும் இருத்தித் தேவாரமும் தொடக்கநிலைச் சுரப் பயிற்சியான சரளி வரிசையும் சொல்லிக்கொடுப்பது அந்த வீட்டின் வழக்கம். சிறுமிக்கு அப்போது நான்கு வயதும் ஒன்பது மாதமும், முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் தரம் 3இல் படித்தான்.

பியானோ என்ற எண்ணம் தந்தையிடமிருந்து வந்தது. வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் பிள்ளைகள் தரப் பரீட்சைகளில் சித்தியடைந்த செய்தி அவரை வந்தடைந்திருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வாரம் ஒருமுறை ஒரு மணி நேரப் பாடம், ஒரு வருடத்தில் முதலாம் தரப் பரீட்சை என்பதே அவருடைய கோரிக்கை. அவர் கேட்டது நியாயமற்றதல்ல. இந்த ஊரில் பிள்ளையைச் சங்கீதத்துக்கு விடும் எந்தப் பெற்றோரும் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை மனதில் வைத்தே கணக்குப் போடுவார்கள்.

முதற் சந்திப்பில் கவனித்தவை

வீட்டில் இருந்தது 61 கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்ட், ஊர்ப்பேச்சில் ஓர்கன். அது சாப்பாட்டு மேசையில் வைக்கப்பட்டிருந்தது. மேசையின் உயரம் 75 செ.மீ.; கட்டைகளின் மட்டம் அதற்கு மேலும் எட்டு செ.மீ. அளவு உயர்ந்திருந்தது. பியானோவின் கட்டை மட்டமோ தரையிலிருந்து ஏறத்தாழ 73 செ.மீ. மட்டுமே. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த சிறுமியின் முழங்கை கட்டைகளுக்கு வெகு கீழே கிடந்தது. தோளை உயர்த்தி, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றித்தான் அவளால் வாசிக்க முடிந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின.

அண்ணன் நான் காட்டியதை உடனே திருப்பி வாசித்தான். தங்கை அவனுடைய கையைப் பார்த்துப் பார்த்து அதே கட்டைகளைத் தட்டினாள், ஆனால் தான் எழுப்பும் ஒலியைக் கேட்கவில்லை. ஆகவே அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாக இருத்தி, பியானோப் பாடங்களில் வழமையாகச் செய்வதைப் போல நடுவிலுள்ள சி கட்டையை அழுத்தி, "இதைச் ச என்று வைப்போம்" என்றேன். ச என்பது பாட்டின் ஆதாரச் சுரம்.

"ரீச்சர், இது ச இல்லை" என்றாள். பிறகு கையை நீட்டி, கட்டைகளை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்திக் கேட்டுக்கொண்டே போய், மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவில் உள்ளதில் நின்று, "இதுதான் ச" என்றாள். அது ஜி ஷார்ப். சுருதிப்பெட்டி அறையின் மூலையில் நிறுத்தியே கிடந்தது. அம்மம்மாவிடம் கேட்டபோது, தான் எப்போதும் ஐந்தரைக் கட்டைச் சுருதியிலேயே பாடுவதாகச் சொன்னார். பாட்டில் கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு; ஐந்தரைக் கட்டை என்பது அதே ஜி ஷார்ப்தான். ஏ என்ற சுரத்தை 440 ஹேர்ட்ஸாகக் கொள்ளும் இன்றைய அளவில், பெண்குரலுக்குரிய ஸ்தாயியில் (சுர எல்லையில்) அது ஏறத்தாழ 208 ஹேர்ட்ஸ். சுருதிப்பெட்டி பேசாதிருந்தபோதும் அந்த ஒலியைப் பிள்ளை நினைவிலிருந்தே தேடி எடுத்தாள்.

விரல் எண்களில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பியானோவில் இரண்டு கைகளிலும் பெருவிரல் 1, சின்னவிரல் 5. அவளோ ஆதி தாளம் போடப் பழகியவள்: தட்டு ஒன்று, சின்னவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று, நடுவிரல் நான்கு. "இரண்டாம் விரல்" என்று சொன்னவுடன் அவளுக்குச் சின்னவிரல்தான் எழுந்தது. கவனக்குறைவு என்று இதை எடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு அநியாயம் செய்ததாகியிருக்கும்.

கருவியும் இருக்கையும்

தந்தை கொழும்பிலிருந்து பழைய நிமிர்நிலைப் பியானோ ஒன்றை வாங்கிவர ஆயத்தமாக இருந்தார். அதற்கு நான் உடன்படவில்லை. அத்தகைய பியானோவில் 200க்கும் மேற்பட்ட உருக்குக் கம்பிகளும், கம்பளித் துணி சுற்றிய சுத்தியல்களும், மரத்தாலான நுண்ணிய அசைவுப் பாகங்களும் உள்ளன. கடற்காற்றின் உப்பில் கம்பி துருவேறும். வடகீழ்ப் பருவமழை மாதங்களின் ஈரத்தில் மரமும் கம்பளியும் ஊறிக் கட்டைகள் இறுகிக்கொள்ளும். சுருதி சேர்ப்பவரைத் தூரத்திலிருந்து அழைக்க வேண்டும். சுருதி விலகிய பியானோவை இந்தப் பிள்ளையின் காது ஏற்றுக்கொள்ளவும் மாட்டாது.

முடிவில் 88 கட்டைகளும், சுத்தியல் உள்ள பியானோவைப் போல அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் கனமும் உள்ள டிஜிற்றல் பியானோ ஒன்று வாங்கப்பட்டது. பழைய கீபோர்டில் கட்டைக்குக் கனமில்லை. எப்படித் தட்டினாலும் விரலுக்கு எதிர்ப்புக் கிடைக்காததால், சின்னப் பிள்ளை விரலின் கடைசி மூட்டை உள்ளே மடித்துக் குத்தப் பழகிவிடுகிறது. இவளுக்கும் அந்தப் பழக்கம் தொடங்கியிருந்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இருக்கையும், கால் ஊன்றுவதற்கு ஊர்த் தச்சர் செய்த மரப்பலகை ஒன்றும் சேர்ந்த பிறகு அவளுடைய தோள் தானாகவே இறங்கியது. மின்வெட்டு வந்தால் கருவி ஊமையாகிவிடும் என்பது இத்தெரிவின் குறை. அந்த வேளைகளில் பாடுவதும் தாளம் போடுவதும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

கறுப்புக் கட்டைகளில் தொடங்கியமை

இரண்டு வழிகள் இருந்தன. நடுவிலுள்ள சி கட்டையில் இரு பெருவிரல்களையும் வைத்து, புத்தகத்தின் முதற் பக்கத்திலிருந்து போவது ஒன்று. மற்றையது, பிள்ளை எதைச் "ச" என்று காட்டினாளோ அங்கிருந்தே தொடங்குவது. இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். அவளிடம் ஏற்கனவே ஒரு சுரவுலகம் உறுதியாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை மேலே சுமத்தினால், பியானோ என்பது காதால் கேட்க வேண்டியதல்ல, கையைப் பார்த்துச் செய்ய வேண்டியது என்று அவள் முடிவுகட்டிவிடக்கூடும். அண்ணனின் கையைப் பார்த்துத் தட்டியபோது நடந்ததும் அதுவே.

ஜி ஷார்ப்பைச் ச ஆக வைத்துக் கறுப்புக் கட்டைகளில் மட்டும் மேலே போனால் ச ரி ம ப நி என்று வரும், அது மத்தியமாவதி இராகம். முதற் சில வாரங்களில் நாங்கள் வேறெதையும் தொடவில்லை. நடுவிரலை மட்டும் பயன்படுத்தி, கையின் பாரத்தைக் கட்டையில் இறக்கி எடுக்கும் அசைவைப் பழக்கினேன். கறுப்புக் கட்டைகள் உயர்ந்தும் கூட்டமாகவும் இருப்பதால் சின்னக் கைக்கு இடம் பிடிப்பது எளிது. ஒருநாள் அடுப்படியிலிருந்து வந்த அம்மம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பிள்ளை, இது மத்தியமாவதியெல்லோ!" என்று என்னைப் பார்த்துச் சொல்லி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்து பாடத் தொடங்கினார். அதன் பிறகு வீட்டுப் பயிற்சிக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. விளக்கு வைத்த பின் அம்மம்மா ஒரு வரி பாடுவார். பிள்ளை அதை வாசிப்பாள். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவளுக்குத் தெரிந்த சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதை வாசிக்க முயன்றபோது, ச கட்டைக்கு அடுத்தாற்போல் உள்ள வெள்ளைக் கட்டையில் ரி இருப்பதைக் கண்டுபிடித்து, "ரி ரெண்டு இருக்கு" என்று முறைப்பாடு சொன்னாள். சுத்த ரிஷபம் என்ற தாழ்ந்த ரியும் சதுஸ்ருதி ரிஷபம் என்ற உயர்ந்த ரியும் அவளுக்கு அப்படித்தான் அறிமுகமாயின. வெள்ளைக் கட்டைகள் பாடத்துக்குள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

விரல் எண்களைச் சில மாதங்களுக்கு முற்றாகக் கைவிட்டேன். பெருவிரல், சுட்டுவிரல் என்று பெயர்களாலேயே சொன்னோம். பின்னர் எண்கள் அச்சிட்ட தாளில் வந்தபோது, தாளத்துக்கு வேறு எண்ணிக்கை, பியானோவுக்கு வேறு எண்ணிக்கை என்று அவள் சிரமமின்றிப் பிரித்துக்கொண்டாள்.

சுருதி மாற்றும் பொத்தான்

இவ்வேளையில் தந்தை ஒரு நல்ல யோசனையுடன் வந்தார். டிஜிற்றல் பியானோவில் சுருதியை மாற்றும் வசதி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் சி கட்டையை அழுத்தும்போதே ஜி ஷார்ப் ஒலிக்கும். பிள்ளை வெள்ளைக் கட்டைகளில் வாசிக்கலாம், அம்மம்மா ஐந்தரைக் கட்டையிலேயே பாடலாம். கர்நாடக சங்கீதத்தை கீபோர்டில் வாசிக்கும் வித்துவான்கள் பலர் இவ்வாறே செய்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை.

இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒலியின் உயரத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருத்தி, சி கட்டையில் ஜி ஷார்ப்பைக் கேட்டுப் பழகினால், பின்னர் வேறொரு பியானோவில் இருக்கும் நாளில் கண்ணும் காதும் ஒன்றையொன்று மறுக்கும். அதைவிட முக்கியமாக, ச இடம் மாறக்கூடியது என்பதை அவள் தன் கையாலேயே உணர வேண்டும் என்று விரும்பினேன். பொத்தான் அந்த வேலையைச் செய்துவிட்டால் அவளுக்குக் கற்பதற்கு அதில் ஒன்றும் எஞ்சாது.

ஆகவே மாற்றத்தை மெதுவாகச் செய்தோம். அதே கறுப்புக் கட்டைகளில் ச இருக்கும் இடத்தை மட்டும் நகர்த்தினோம். எஃப் ஷார்ப்பைச் ச ஆக்கினால் மோகனம். சி ஷார்ப்பை ஆக்கினால் சுத்த சாவேரி. கட்டைகள் ஐந்தும் அவையே, இராகம் மட்டும் வேறாகிறது. கட்டைக்கு நிரந்தரப் பெயர் ஒன்று உண்டு என்பதையும், ச என்பது பெயரல்ல, முறை என்பதையும் அவளுக்கு வீட்டை வைத்தே விளக்கினேன்: உன் அம்மா உனக்கு அம்மா, அம்மம்மாவுக்கு மகள், ஆள் ஒன்றுதான். இதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. முன்பள்ளிப் பிள்ளைக்கு உறவுமுறையை விடத் தெளிவாகத் தெரிந்த வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஏறத்தாழ ஆறு மாதத்தில் சி கட்டையைச் ச ஆக ஏற்றுக்கொண்டாள். வெள்ளைக் கட்டைகள் ஏழும் சங்கராபரண இராகமாயின.

அண்ணனைப் பிரித்தமை

இரண்டாம் பாடத்திலிருந்தே இருவரையும் பிரித்துவிட்டேன். தங்கைக்கு 20 நிமிடம், அண்ணனுக்கு 40 நிமிடம். எட்டு வயதுப் பையனுக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாக இருந்தது. வாசித்து அறிவதில் அவனுக்கு விருப்பம் அதிகம். ஒரே வீடு, ஒரே சுருதிப்பெட்டி, இரண்டு பிள்ளைகள், இரண்டு வழிகள். புலமைப்பரிசில் வகுப்புகள் தொடங்கியதும் அவன் பியானோவை நிறுத்திவிட்டான்.

குறியீடு வாசித்தல்

ஐந்து கோடுகளில் எழுதிய மேலைத்தேய இசைக் குறியீட்டை ஒன்பதாம் மாதமளவில் தொடங்கினோம். இங்கே அவளுடைய நல்ல காதே இடைஞ்சலானது. நான் ஒருமுறை வாசித்துக் காட்டியதை அவள் அப்படியே பிடித்துக்கொள்வாள். தாளை உற்றுப் பார்த்தபடி பிழையின்றி வாசிப்பதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்தனர். ஒரு நாள் அவள் பார்க்காதபோது மூன்றாம் அடியில் (தாளில் நிலைக்கோடுகளால் பிரிக்கப்பட்ட பகுதி ஒவ்வொன்றும் ஓர் அடி) ஒரு சுரத்தைப் பென்சிலால் மாற்றி எழுதி வைத்தேன். கண் தாளிலேயே இருந்தது. விரல் பழைய சுரத்தையே வாசித்தது.

அதன் பின்னர் வாசிப்புக்குரிய பகுதிகளை நான் வாசித்துக் காட்டுவதை நிறுத்தினேன். ஒவ்வொரு பாடத்திலும் முன்பு காணாத நான்கு அடிகள் மட்டும் கொடுக்கப்பட்டன. அவள் முதலில் பாட வேண்டும், பிறகே வாசிக்க வேண்டும். காதால் வாசிக்கும் பகுதி தனியாகத் தொடர்ந்தது. வாசிப்பில் அவள் மெதுவாகவே முன்னேறினாள். காதால் எட்டிய நிலைக்கும் கண்ணால் எட்டிய நிலைக்கும் இடையிலான தூரம் அவளுக்கே எரிச்சலூட்டியது.

பரீட்சை பற்றிய முடிவு

முதல் வருட முடிவில் தந்தை, "சோதனைக்கு எப்ப போடலாம்?" என்று கேட்டார். 1889இல் இலண்டனில் நிறுவப்பட்ட, மேலைத்தேய இசைக்குத் தரப் பரீட்சைகள் நடத்தும் ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் பரீட்சைகள் இலங்கையில் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. அவற்றுக்குக் குறைந்தபட்ச வயது இல்லை. முதலாம் தரத்துக்கு முன்னதாக ஆரம்பத் தரம் ஒன்றும் உண்டு. 2020 முதல், வாசிப்பைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பும் வகையும் நடைமுறையில் உள்ளதால் பயணம் ஒரு தடையல்ல. நேரில் தோற்றும் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளிகள், சித்திக்கு 100. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, சுர வரிசைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப்புலனுக்கு 18.

இந்தப் பங்கீட்டைத் தாளில் எழுதி அவருக்குக் காட்டினேன். மூன்று உருப்படிகளை மாதக்கணக்கில் உருப்போட வைத்தால் அவள் சித்தியடைந்துவிடுவாள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவள் வேறெதையும் கற்கமாட்டாள். அவளுக்குக் குறைவாக இருந்தது வாசிப்பு, பரீட்சைத் தயாரிப்பு மூடி மறைக்கக்கூடியதும் அதையே. முன்பு காணாத எட்டு அடிகளை உதவியின்றி வாசிக்கும் நாள் வரை பரீட்சை இல்லை என்று இணங்கினோம். திகதியை அல்லாமல் ஒரு திறனை நிபந்தனையாக வைத்தது தந்தைக்கும் பிடித்திருந்தது. பிள்ளையின் வாசிப்பை அதன் பின்னர் அவரே கவனிக்கத் தொடங்கினார்.

தடங்கல்

சிறுமி தரம் 1இல் சேர்ந்த அதே காலத்தில் அம்மம்மா கனடாவிலுள்ள மூத்த மகளிடம் போய்விட்டார். மாலையில் சுருதிப்பெட்டி போடப்படுவது நின்றது. பாடசாலை முடிந்து களைத்து வரும் பிள்ளை பியானோவுக்குக் கிட்டவே போகவில்லை. பாடத்தின்போதும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பாள். தாய்க்கு இரவு வேலை, தந்தைக்குச் சங்கீதம் தெரியாது. பெற்றோர் நிறுத்திவிடலாமா என்று கேட்டபோது, ஒரு தவணைக் காலம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைக்கு வெறுப்பு வந்திருந்தது பியானோவில் அல்ல என்றே எனக்குப் பட்டது.

வட்ஸ்அப் காணொளி அழைப்பில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாடி வாசிக்க முயன்றார்கள். ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் தாளம் நிற்கவில்லை. இருவருக்கும் அழுகைதான் வந்தது. அதற்குப் பதிலாக, அம்மம்மா ஒவ்வொரு வரியாகப் பாடி, வரிக்கு வரி இடைவெளி விட்டு, குரற்பதிவுகளாக அனுப்பத் தொடங்கினார். அங்கும் அவர் ஐந்தரைக் கட்டையிலேயே பாடியதால் பதிவும் பியானோவும் பொருந்தின. கைத்தொலைபேசியைப் பியானோவின் மேல் வைத்து, பதிவைப் போட்டு, இடைவெளியில் பிள்ளை வாசிப்பாள். பதிவைப் போடுவதும் நிறுத்துவதும் தந்தையின் பொறுப்பு. சங்கீதம் தெரியாதவர் என்பதாலேயே அவர் திருத்த முற்படவில்லை. அது பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தது. தவணை முடிவதற்குள் பயிற்சி பழைய நிலைக்கு வந்தது.

தற்போதைய நிலை

சிறுமிக்கு இப்போது ஆறரை வயது கடந்துவிட்டது. இரு கைகளாலும் எளிய உருப்படிகளை வாசிக்கிறாள். தெரிந்த மெட்டை எந்தக் கட்டையிலிருந்தும் தொடங்கி வாசிக்க அவளால் முடிகிறது. முன்பு காணாத எட்டு அடிகள் இன்னும் முழுமையாகக் கைவரவில்லை, ஆறு அடி வரை போகிறாள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கவில்லை.

இடக்கையே பின்தங்கியுள்ளது. மெட்டு ஒன்றையே கேட்டு வளர்ந்த காதுக்கு, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது நெடுநாள் இரைச்சலாகவே பட்டது. இடக்கையில் முதலில் ச-ப மட்டும் தம்புராவைப் போல நிறுத்தி வைத்தோம். பிறகு மெட்டு எங்கே ம-வில் நிற்கிறதோ அங்கே இடக்கையும் ம-வுக்கு நகர்ந்தது. மூன்று சுரங்கள் சேர்ந்த இணைவை அவள் தானாகத் தேடி வாசிப்பது மிக அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது.

அடுத்த பிள்ளைகளுக்கு மாற்றப்படுவன

குறியீட்டு வாசிப்பை ஒன்பதாம் மாதம் வரை வைத்திருக்க வேண்டியதில்லை. ச இடம் மாறத் தொடங்கும் வேளையிலேயே, கோடுகள் இல்லாத மேல்-கீழ்ப் புள்ளிகளாகவேனும் கண்ணைப் பழக்கலாம். காது மிகவும் முன்னே ஓடிவிட்ட பிறகு கண்ணை இழுத்து வருவது கடினம்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒருவரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பாடத் தெரிந்தவர் ஒருவர், பாடத் தெரியாவிட்டாலும் மாலையில் வீட்டில் இருப்பவர் ஒருவர் என்று இருவரை முதல் மாதத்திலேயே பழக்க வேண்டும். குரற்பதிவுகளையும் ஆள் அருகில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக வரும் பெற்றோரிடம் பிள்ளையின் வயதைக் கேட்கும்போதே, வீட்டில் யார் பாடுகிறார்கள், எந்தச் சுருதியில் பாடுகிறார்கள், கருவி வைக்கும் மேசையின் உயரம் என்ன என்பவற்றையும் இப்போது கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். பாடுபவர் எவரும் இல்லாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நடுவிலுள்ள சி கட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.